கல்லூரிக் காற்பந்துக் குழுவுக்கு முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை திரட்டுவது எப்படி?

முன்னாள் மாணவர் நன்கொடை என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் அமெரிக்காவைக் காட்டுவார். எண்ணெய் வணிகர் பூன் பிக்கன்ஸ் தாம் படித்த ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு ஒரே தவணையில் 165 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது உண்மைதான். ஆனால் அங்கே ஆடப்படுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு காற்பந்து. ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகள் கல்லூரி ஆட்டத்திற்கே நிரம்புகின்றன. சிங்கப்பூரில் வேலைநாள் பிற்பகலில் நடக்கும் நம் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க மாற்று ஆட்டக்காரர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் விட்டால் ஆளில்லை. ஆகவே, குழுவின் புகழைச் சொல்லி இங்கே பணம் கேட்க முடியாது. கூட ஆடியவர் கேட்டால்தான் கிடைக்கும்.

கல்லூரியின் பொது முகவரிப் பட்டியலுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலையை முதலில் நிறுத்துங்கள். உடற்கல்வி அறையின் அலமாரியில் கிடக்கும் குழுப் படங்களை எடுத்துப் பாருங்கள்; பலவற்றின் பின்புறத்தில் யார் யார் என்று பேனாவால் எழுதியிருக்கும். ஒவ்வோர் ஆண்டுக் குழுவிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தம் குழுவினரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். என் அனுபவத்தில் இதற்குக் குழுத் தலைவர் பெரும்பாலும் சரிப்படுவதில்லை. ஆட்டம் முழுவதும் ஓரத்தில் அமர்ந்திருந்து, எல்லாரிடமும் சிரித்துப் பேசிய அந்த இரண்டாவது கோல்காப்பாளரே பொருத்தமானவர். இருபது ஆண்டு கழித்தும் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் அவரிடம்தான் இருக்கும். அந்த எண்களைக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கு முன் உரியவர்களின் ஒப்புதலை அவர் பெறட்டும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை மறந்துவிடக் கூடாது. பிறரிடம் கேட்பதற்கு முன் அவரும் தம் பங்கைச் செலுத்திவிட வேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. “மதிப்பிற்குரிய முன்னாள் மாணவர்களே, கல்லூரியின் விளையாட்டு மேம்பாட்டு நிதிக்குத் தாராளமாக உதவுங்கள்” என்று நாங்கள் அனுப்பிய கடிதத்திற்கு ஒரு பதிலும் வரவில்லை. பின்னர் எங்கள் குழுவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினார்: “மச்சான், கையுறை கிழிஞ்சு டேப் ஒட்டிக்கிட்டு நான் கோல்கம்பத்துல நின்னது ஞாபகம் இருக்கா? இப்ப இருக்கிற பையனும் அப்படித்தான் நிக்கிறான்.” அன்று இரவுக்குள் கையுறைக்கான பணம் சேர்ந்துவிட்டது. கையுறை, வெளித்திடலுக்குப் போய்வர பேருந்து வாடகை, காலணி வாங்க முடியாத மாணவருக்கு ஒரு ஜோடி என்று கண்ணில் படும் பொருளாகக் கேளுங்கள். மூத்தவர்களிடம் “அண்ணே” என்று தொடங்குங்கள். மலாய், சீன நண்பர்களுக்கு அவர்களோடு ஆடியவரே எழுதட்டும். 1994இல் படித்தவர்களிடம், அவ்வாண்டு மலேசியாவின் பஹாங் அணியை 4-0 என்று வென்று சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய இரவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மீதியை அவர்களே பேசுவார்கள்.

அடுத்தது பணம் போய்ச் சேரும் வழி. நாங்கள் முதல் ஆண்டில் நண்பர் ஒருவரின் சொந்தக் கணக்கிற்குப் பேநவ் என்னும் உடனடிப் பணமாற்றுச் சேவை மூலம் பணம் வாங்கினோம். யாரும் ஒரு காசு எடுக்கவில்லை, இருந்தும் கணக்குக் கேட்டு எழுந்த மனக்கசப்பு ஆற நெடுநாள் ஆயிற்று. அப்படிக் கொடுத்தவர்களுக்கு வரிச்சலுகையும் கிடைக்கவில்லை. எனவே, கல்லூரிக்கோ அதன் நிதிக்கோ ஐபிசி தகுதி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு பெற்றுத் தரும் பொதுநல அமைப்பு என்ற தகுதி) உண்டா, காற்பந்துக்கென்று கொடுப்பதைத் தனியே ஒதுக்கி வைப்பார்களா என்று நிதி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஐபிசி தகுதியுள்ள அறநிறுவனத்திற்கு 2026 டிசம்பர் 31 வரை வழங்கப்படும் தகுதிபெற்ற நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அதாவது, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுப்பவருக்கு, வரி விதிக்கப்படும் வருமானத்தில் 1,250 வெள்ளி கழிவாகும். அவருடைய உச்ச வரி விகிதம் 11.5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 144 வெள்ளி வரி குறையும். கொடுப்பவர் தம் அடையாள அட்டை எண்ணைத் தந்துவிட்டால் கழிவு தானாகவே வரிக்கணக்கில் சேர்ந்துவிடும். இந்தக் கணக்கைச் செய்தியின் கடைசி வரியில் வையுங்கள். முதல் வரியில் வைத்தால் காப்புறுதி முகவரின் கடிதம்போல் ஆகிவிடும்.

பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கையில் விழும் டிசம்பர் நல்ல காலம். அதற்கு முன்னதாக, முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் ஓர் ஆட்டம் வையுங்கள். அன்று பணம் கேட்க வேண்டாம். மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லாரும் கூரைக்குக் கீழே ஒதுங்கினாலும் நட்டமில்லை. பேச்சு அங்கேதான் தொடங்கும். ஆடம்பர விருந்து மட்டும் வேண்டாம். திரட்டும் தொகையில் செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அறநிறுவனங்களுக்கான விதி. ஹோட்டல் மண்டபம் எடுத்தால் அந்த எல்லை எளிதில் உடையும். ஆட்டம் முடிந்ததும் காப்பிக்கடையில் பரோட்டாவும் தேத்தண்ணியும் போதும்.

பணம் வந்த ஒரு வாரத்திற்குள், வாங்கிய பொருளின் படத்தையும் ரசீதையும் கொடுத்த அனைவருக்கும் அனுப்புங்கள். படத்தில் மாணவர் இருந்தால் பெற்றோரின் அனுமதி தேவை. கொடுத்தவர்களின் பெயர்களை அகர வரிசையில் போடுங்கள், தொகை வரிசையில் போட்டால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ முறையில் மாதம் 10 வெள்ளி கொடுப்பவர் அடுத்த ஆண்டு நின்றுவிடுவார். கொடுக்காதவரைக் குழு அரட்டையில் குத்திக்காட்டாதீர்கள். வேலை போனதை அவர் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். அவரை அடுத்த ஆட்டத்திற்கு அழையுங்கள்.