ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்: எழுத்துத் திருட்டு இல்லாமல் எழுதுவது எப்படி?

"சிமிலாரிட்டி பத்துக்குள்ள வந்துடுச்சு, இனி பயமில்ல" என்று நிம்மதியாகிவிடும் புதிய ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன். சிமிலாரிட்டி என்பது, உங்கள் கட்டுரை பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் எண். அந்த 10 சதவீத எல்லை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் உள்ளது. அதுவரை தண்டனை இல்லை. 40 வரை முதல் நிலைத் தண்டனை, 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் போனால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. ஆனால் ஆய்விதழ் ஆசிரியர்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, எங்கிருந்து வந்தது என்றும் பார்ப்பார்கள். வெறும் 6 சதவீதம்தான் என்றாலும் அது முழுக்க ஒரே கட்டுரையின் முடிவுரையிலிருந்து வந்திருந்தால், திருப்பி அனுப்ப அதுவே போதும்.

படி 1: குறிப்பெடுக்கும்போதே பிரித்து வையுங்கள்

அப்படியே எடுத்த வரி மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. உங்கள் சொற்களில் எழுதியது தனியாக. உங்களுக்குத் தோன்றிய கருத்து வேறு நிறத்தில். மூன்றும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. குறிப்புகளையும் நூற்பட்டியலையும் ஒழுங்குபடுத்த நான் சொடேரோ என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசம், வேர்டிலும் லிப்ரே ஆபீசிலும் வேலை செய்யும். இதற்காகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

படி 2: மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "நிலத்தடி நீர்மட்டம் சரிவதற்கு மழைக்குறைவைவிட மிகையான ஆழ்துளைக் கிணற்றுப் பயன்பாடே முதன்மைக் காரணம்."

பலர் செய்வது: "நிலத்தடி நீர் இறங்குவதற்கு மழை குறைந்ததைவிட அதிகமான போர்வெல் பயன்பாடே முக்கியக் காரணம்." சட்டை மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள்தான். கீழே அடிக்குறிப்பு போட்டாலும் இது சரியாகாது.

செய்ய வேண்டியது: "நீர்மட்டச் சரிவுக்கு இவர் மழையைவிடப் போர்வெல்களையே அதிகம் பொறுப்பாக்குகிறார், ஆனால் அவர் அளந்தது கோடை மாதங்களில் மட்டும்." இப்போது சொன்னவர் யார் என்பதும் தெரிகிறது, உங்கள் கணிப்பும் சேர்ந்திருக்கிறது.

படி 3: சிமிலாரிட்டி ரிப்போர்ட் எடுப்பது

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம், எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளை ஷோத்சுத்தி என்ற திட்டத்தில் தருகிறது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகம் என்றால் நூலகத்திலேயே எடுத்துத் தருவார்கள். நூற்பட்டியலையும் மேற்கோள்களையும் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். தற்செயலாக ஒத்துப்போகும் பொதுச் சொற்களில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை யுஜிசி விதியே விட்டுவிடுகிறது.

இந்தப் படியில் ஒன்றை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை பாருங்கள். டர்னிட்டின் என்ற சோதனை மென்பொருளில் பதிவேற்றும்போது, கட்டுரையை அதன் கிடங்கில் சேமிக்கலாமா என்று ஒரு தெரிவு இருக்கும். அது "நோ ரெபாசிட்டரி" (கிடங்கில் சேமிக்க வேண்டாம்) என்றே இருக்க வேண்டும். வரைவு அங்கே சேமிக்கப்பட்டுவிட்டால், திருத்திய வடிவை அடுத்த முறை சோதிக்கும்போது உங்கள் கட்டுரையே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். 90 சதவீதம்கூடக் காட்டும். மூலம் என்ற இடத்தில் "ஸ்டூடண்ட் பேப்பர்" என்றும் உங்கள் கல்லூரிப் பெயரும் இருந்தால் காரணம் இதுதான். பதறி வாக்கியங்களை மாற்ற உட்காராதீர்கள். அந்தப் பதிவை நீக்கித் தரும்படி நூலகரிடம் எழுதிக் கேளுங்கள்.

படி 4: சொல் மாற்றும் செயலிகள் வேண்டவே வேண்டாம்

சதவீதத்தைக் குறைக்கும், மானத்தை வாங்கிவிடும். பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021-இல், இத்தகைய செயலிகள் சிதைத்த தொடர்களை வைத்தே ஏராளமான போலிக் கட்டுரைகளை அடையாளம் கண்டார்கள். "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" (செயற்கை நுண்ணறிவு) என்பது "கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்" (கள்ள உணர்வுநிலை) ஆகியிருந்தது. எந்த மனிதரும் அப்படி எழுத மாட்டார்.

பிற்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் இரண்டு சந்தேகங்கள் கேட்டார்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துப் போட்டால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காதே? கண்டுபிடிக்காவிட்டாலும் திருட்டு திருட்டுதான். அந்தத் துறையை அறிந்த மதிப்பீட்டாளர் ஒருவர் போதும். இரண்டாவது, கருத்தரங்கில் வாசித்த சொந்தக் கட்டுரையை விரிவாக்கி அனுப்பலாமா? பல இதழ்கள் ஏற்கும். பழைய கட்டுரையை மேற்கோள் காட்டி, எது புதிது என்பதை ஆசிரியருக்கு அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய கட்டுரையின் பிடிஎஃப்பையும் உடன் இணையுங்கள்.