மாறுவேடப் போட்டியை விடுங்கள்: பல ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் செய்ய வேண்டியவை

ஆண்டுவிழா என்றால் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று ஒரு நிகழ்ச்சி கட்டாயம் உண்டு. ஒரு பிள்ளை தலைப்பாகை கட்டிப் பஞ்சாபியாக வரும், இன்னொன்று கசவுச் சேலையில் மலையாளியாக வரும், எல்லாம் வாடகை உடை. பீகாரிலிருந்து வந்து அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கீழே பாயில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கும், அதை யாரும் மேடைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காசையும் ஒத்திகை நேரத்தையும் வைத்து வேறு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். திருப்பூர், ஓசூர், சென்னைப் புறநகர், திருவள்ளூர் பக்கத்து அரசுப் பள்ளிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் அறிவிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கடைசி பெஞ்சில் எப்போதும் யார், ஆசிரியர்களுக்கு டீ வாங்க யாரை அனுப்புகிறோம், வகுப்பைப் பெருக்குவது யார், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், யாரை “ஏய் இந்தி” என்கிறோம். இதை ஒரு நோட்டில் குறித்தாலே பாதி வேலை தெரிந்துவிடும். வேலைப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டி, வாரா வாரம் மாற்றுங்கள். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் பையன்களுக்கும் உண்டு, லீடருக்கும் உண்டு. கழிப்பறை கழுவுவது மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. அந்த வேலை எந்தத் தெருப் பிள்ளைகள் தலையில் போய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதிலிருந்து, காமராசர் காலம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு வரை, இந்த மாநிலத்தில் பல சாதிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்த முதல் இடமே பெரும்பாலும் பள்ளிச் சாப்பாட்டு வரிசைதான். ஆனாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் சண்டைக்கு வந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படி உங்கள் பள்ளியில் முணுமுணுப்பு கேட்டால், சமையலரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஹெச்.எம். தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும், ஒருநாள் போட்டோவுக்கு இல்லை, தொடர்ந்து. பேசியும் கேட்காத பெற்றோரிடம், தீண்டாமை சட்டப்படி குற்றம் என்பதை ஹெச்.எம். நேரடியாகச் சொல்லிவிடலாம், அதில் தயங்க ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரும் பிள்ளைகள் தனி மரத்தடி, சத்துணவுப் பிள்ளைகள் தனி மரத்தடி என்று பிரிந்திருந்தால் அதையும் கலைத்துவிடுங்கள்.

புதிதாக வரும் பிள்ளைகள் ஜூன் மாதத்தில்தான் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். செங்கல் சூளை வேலைக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் மழை முடிந்துதான் வந்து சேரும். டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, ஆவணம் இல்லாததைக் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது. சேர்த்த அன்றே பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். அம்மாவையோ அப்பாவையோ சொல்லச் சொல்லி, உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு வருகைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விட்டு இனிஷியலுக்கு மாறிவிட்டோம், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து வரும் பழக்கம் அது. வடக்கிலிருந்து வரும் பெயர்களில் கடைசிப் பகுதி பல நேரம் சாதியைக் காட்டிவிடும். “அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?” என்று வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள், முதல் பெயரே போதும்.

அப்புறம், வடக்கிலிருந்து வந்த பிள்ளை என்றால் இந்திதான் பேசும் என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் போஜ்புரியாக இருக்கலாம், மைதிலியாக இருக்கலாம், ஒடியாவாக, சந்தாலியாக இருக்கலாம். சந்தாலிக்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு நல்ல வாயாடித் தமிழ்ப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைவிட வாயாடிதான் இந்த வேலைக்குச் சரி, பேசிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஐந்து சொல் புதுப்பிள்ளை தமிழில் கற்கட்டும், ஐந்து சொல் தன் மொழியில் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கரும்பலகை ஓரத்தில் தண்ணீர், வலி, பசி, கழிப்பறை, அம்மா என்று எழுதி ஆரம்பியுங்கள். ஒரு பிள்ளை ஒன்றும் தெரியாதவனாக உட்கார்ந்திருப்பதற்கும் வாரத்தில் பத்து நிமிடம் வாத்தியாராக நிற்பதற்கும் இருக்கிற வித்தியாசம் பெரியது. மற்ற பிள்ளைகள் அதை நடத்தும் விதமும் மாறும்.

சாதி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2023-இல் நாங்குநேரியில், உடன் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, ஆசிரியர்கள் மாணவரைச் சாதி சொல்லிக் குறிப்பிடக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிற்றைப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் கத்தரிக்கோல் வைத்து அறுப்பது வீண் வேலை, மறுநாள் வேறு நிறத்தில் வரும், கூடவே வீம்பும் வரும். தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பேசி, அவனே கழற்றும்படி செய்வதற்கு நாளாகும், ஆனால் அதுதான் நிற்கும். நமக்குப் பழகிப்போன இன்னொன்று: “எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்” என்று வகுப்பில் கூவுவது. உதவித்தொகைத் தகவலை வீட்டுக்குப் போனில் சொல்லுங்கள், அல்லது அலுவலக அறையில் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுங்கள்.

விழாவே வேண்டாமா என்றால், வேண்டும். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காக உயிர் கொடுத்த மாணவர்களின் நினைவாக வந்தது, மேடை போடச் சரியான நாள். பிள்ளைகளின் அம்மா, பாட்டி பாடும் தாலாட்டைப் போனில் பதிவு செய்து வரச்சொல்லி ஒலிபெருக்கியில் போடுங்கள். நம் பக்கத்துப் பாட்டும் போஜ்புரிப் பாட்டும் அடுத்தடுத்து வரட்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பிள்ளைகள், முகாமிலிருந்து வரும் ஈழத்துப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள், இவ்வளவு மொழியா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். விருப்பமில்லாத பிள்ளையை இழுக்காதீர்கள். மைதானத்தில் கிட்டிப்புள் வையுங்கள். வடக்கில் அதையே கில்லி டண்டா என்று ஆடுகிறார்கள், எனவே விதியைப் பற்றிச் சண்டை வரும், நல்ல சண்டைதான், பி.இ.டி. சார் தலையிட வேண்டாம். சாப்பாடு கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்குச் செலவு வைக்காதீர்கள். பொரி போதும், ஒடிசாவிலும் பீகாரிலும் அது அன்றாடத் தீனி. தேர்வுத் தேதி குறிக்கும்போது ஹோலியையும், தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜையையும் பாருங்கள், பல குடும்பங்கள் அப்போது ஊருக்குப் போய்விடும்.

அன்பாக இரு, அன்பாக இரு என்று பிரேயரில் சொல்வதால் ஒன்றும் நடக்காது. கேலி நடக்கும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியாது, அதைச் சொல்லிக்கொடுங்கள். “டேய், போதும் விடு” என்பது ஒன்று. கேலி செய்பவனைக் கண்டுகொள்ளாமல், மாட்டிக்கொண்டவனிடம் போய் “வா, டீமுக்கு ஆள் குறையுது” என்று கையைப் பிடித்து இழுத்துப் போவது இன்னொன்று, பயந்த பிள்ளைக்கும் இது கைவரும். ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்க வையுங்கள். காது கேளாத பிள்ளை வகுப்பில் இருந்தால் எல்லோரும் தங்கள் பெயருக்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளட்டும், சிறப்பாசிரியர் வரும் நாளில் கேட்டால் சொல்லித்தருவார். கறுப்பு, குண்டு, நெட்டை என்று ஆசிரியர்களே கூப்பிடும் பள்ளியில் இதெல்லாம் எடுபடாது, ஆசிரியர் அறையில்தான் முதலில் பேச வேண்டும். யாராவது யாரையாவது அடித்தால் அந்த இடத்திலேயே “சாரி சொல்லு, கை குடு” என்று முடித்துவிடாமல், அடிபட்ட பிள்ளையிடம் தனியாக என்ன வேண்டும் என்று கேளுங்கள். சில நேரம் இடத்தை மாற்றினால் போதும் என்று சொல்லும்.

வெளியே சொல்லப் பயப்படும் விஷயங்களுக்கு ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. பல பள்ளிகளில் அது ஹெச்.எம். அறை வாசலில் தொங்குகிறது, யார் போடுவார்கள்? ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள், குறித்த நாளில் திறங்கள். பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் குடிநீர்க் குழாய் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதில் வெளிமாநிலத் தாய் ஒருவரையும் சேர்க்கப் பாருங்கள். பகலில் மில்லுக்குப் போகிறவர் வர முடியாது, அதனால் கூட்டத்தை ஷிப்ட் முடிந்த பிறகோ விடுமுறை நாளிலோ வையுங்கள், மொழிபெயர்க்க ஆறாம் வகுப்பில் படிக்கும் அவர் மகளே போதும்.