உயர்திறன் ராக்கெட்: நெல்லைச் சீமைத் தொடக்கநிலையினருக்கான பாதுகாப்பு, சான்றிதழ் வழிமுறை

குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட 2024 பிப்ரவரி 28 அன்றே அங்கிருந்து ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்று விண்ணில் ஏவப்பட்டது. இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியை அன்றாடம் பார்த்து வளரும் மாணவர்களுக்கு, நாமும் ஒன்று செய்து விடலாமே என்ற ஆசை எழுவது இயல்புதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் பட்டறை அன்று, சட்டம்.

முதற்படி: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுதல்

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், வெடிபொருள் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ராக்கெட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன்கீழ் அமைந்த 2008ஆம் ஆண்டு விதிகளின்படி வெடிபொருளைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். இதைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பெசோவின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது. எனவே சர்க்கரையையும் வெடியுப்பையும் அடுப்பில் கிண்டி எரிபொருள் செய்யக் கற்றுத்தரும் காணொலிகளைப் பார்த்து யாரும் கையை வைக்க வேண்டாம். அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, கிண்டும்போதே தீப்பற்றக்கூடிய கலவை அது.

தனியாள் முயற்சியாக இதில் இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. கல்லூரிக் குழுவாகச் சேர்ந்து, பொறுப்பாசிரியர் ஒருவரை முன்னிறுத்தி, மாவட்ட நிர்வாகம், காவல்துறை, விமானப் போக்குவரத்து அதிகாரிகள் ஆகியோரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுச் செய்வதே முறை. மாணவர்களுக்காக மத்திய அரசின் விண்வெளி ஊக்குவிப்பு அமைப்பான இன்-ஸ்பேஸ் நடத்தும் மாடல் ராக்கெட் போட்டியில் கலந்துகொள்வது இதைவிட எளிய வழி.

இரண்டாம் படி: மோட்டார் வகுப்பை அறிதல்

மோட்டார் என்பது எரிபொருள் அடைத்த, ராக்கெட்டை உந்தும் குழாய். அதன் மொத்தக் கணத்தாக்கைப் (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு) பொறுத்து அதற்கு ஓர் ஆங்கில எழுத்து தரப்படுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் உச்சவரம்பு முந்தையதைப் போல இரு மடங்கு. ஜி வகுப்பு 160 நியூட்டன்-விநாடியோடு முடிகிறது. அதற்கு மேற்பட்ட எச் முதல் உயர்திறன் தொடங்குகிறது. மோட்டார் உறையில் 'எச்128-10' என்று இருந்தால், எச் என்பது வகுப்பு, 128 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை, 10 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து பற்றும்வரை கழியும் விநாடிகள்.

மூன்றாம் படி: சான்றிதழ்

அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிபோலி ராக்கெட்ரி அசோசியேஷன் ஆகிய இரு சங்கங்களும் மூன்று நிலைகளில் சான்றிதழ் வழங்குகின்றன. முதல் நிலை எச், ஐ வகுப்புகளுக்கு. இரண்டாம் நிலை ஜே, கே, எல் வகுப்புகளுக்கு, இதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. மூன்றாம் நிலை எம் முதல் ஓ வரை, இதற்கு வடிவமைப்பு ஆவணங்களை முன்கூட்டியே மூத்தோர் பார்வைக்கு வைக்க வேண்டும். முழுச் சான்றிதழுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இந்தச் சான்றிதழ் மனிதருக்கு உரியது, ராக்கெட்டுக்கு அன்று. தாமே கட்டிய ராக்கெட்டைத் தகுதியுள்ள சாட்சியின் முன் ஏவி, அதை மீண்டும் பறக்கக்கூடிய நிலையில் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எவ்வளவு உயரம் போனாலும், பாராசூட் விரியாமல் விழுந்தால் தேர்ச்சி இல்லை. இது இந்தியச் சட்டத்தின்கீழ் பெறும் உரிமத்துக்கு மாற்றாகாது என்றாலும், இந்தச் சங்கங்களின் பாதுகாப்பு விதிகளை நம் ஊரிலும் அப்படியே கடைப்பிடிக்கலாம்.

நான்காம் படி: கணக்கு

ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவு தள்ளி இருக்க வேண்டும். மோட்டாரைப் பொருத்திய பிறகே இதை அளக்க வேண்டும். காலிக் குழாயில் அளந்தால் பயனில்லை. கிளம்பும்போது ராக்கெட்டின் எடை, சராசரி உந்துவிசையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது சங்கங்களின் விதி. 2 கிலோ ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 20 நியூட்டன் என்பதால் 60 நியூட்டன் போதும் என்று தோன்றும். காற்று அடிக்கும் நம் பக்கத்தில் 100 நியூட்டனுக்குக் குறையாமல் இருப்பது நல்லது, ஏனெனில் மெதுவாகக் கிளம்பும் ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிவிடும்.

ஐந்தாம் படி: இடமும் காலமும்

காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக் கூடாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடி மாதத்தில் இந்த வரம்புக்குள் காற்று நிற்பதே அரிது. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. 450 மீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து, விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கும் ராக்கெட் தரையைத் தொட 75 விநாடி ஆகும். அந்த வரம்புக் காற்றில் அது ஏறத்தாழ 670 மீட்டர் தள்ளிப் போய்விடும். மாசி, பங்குனிக் காலைப்பொழுது காற்றுக்கு ஏற்றது, ஆனால் அப்போது புல் காய்ந்து கிடக்கும். ஆகவே ஏவுமிடத்தைச் சுற்றி, ஜே வகுப்பு வரை, 50 அடி விட்டத்துக்குச் செத்தையை அகற்றி, தண்ணீர்க் குடங்களையும் ஈரச் சாக்குகளையும் தயாராக வைக்க வேண்டும்.

குடியிருப்புகளுக்கும் போக்குவரத்துள்ள சாலைக்கும் 1500 அடி தள்ளியே களம் அமைய வேண்டும். கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தை மனத்தாலும் நினைக்க வேண்டாம். ஆட்டுக்கிடை போட்டிருக்கும் நிலமா என்று கீதாரியிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: ஏவும் நேரம்

மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை ஏவுமிடத்தில்தான், அதுவும் கடைசியாகத்தான் பொருத்த வேண்டும். ஏவுபெட்டியின் சாவி, ராக்கெட் அருகே நிற்பவரின் சட்டைப்பையில் இருக்கட்டும். ஜே வகுப்பு வரை 100 அடியும், எம் வகுப்புக்கு 500 அடியும் விலகி நிற்க வேண்டும். ஏவுகோணம் செங்குத்திலிருந்து 20 பாகைக்கு மேல் சாயக் கூடாது. பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால், சாவியை எடுத்துவிட்டு முழுதாக 60 விநாடி கழித்தே யாரும் அருகில் போகலாம்.

இறங்கிய ராக்கெட்டை ஓடிப்போய்த் தூக்க வேண்டாம். பாராசூட் மருந்து வெடிக்காமல் உள்ளேயே இருக்கக்கூடும். மின்கம்பியிலோ பனை உச்சியிலோ சிக்கிக்கொண்டால் ஏறி எடுக்க முயலாமல், மின்கம்பியென்றால் மின்வாரிய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை அங்கேயே ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள்.