முதல் தடவை மனம் விட்டுக் கதைக்கப் போகிறவருக்கு

நெஞ்சு இறுக்குகிறது என்று இரண்டு தடவை ஈசிஜி எடுத்தேன். இரண்டும் சுத்தம். "மனசில ஏதும் பாரம் இருக்கா தம்பி?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பத்தொரு வயது, திருகோணமலை உவர்மலையில் வீடு, நன்றாக ஓடுகிற பெயின்ட் கடை. எனக்கென்ன பாரம்? எட்டு மாதம் கழித்துத்தான் உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்குப் போனேன். உங்களுக்காவது அந்த எட்டு மாதம் மிஞ்சட்டும்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும், இரத்தம் குறைந்தாலும் களைக்கும். அதெல்லாம் சரியென்றால், யாரிடம் போவது? மனநல வைத்தியர் மருந்து எழுதுவார். உளவளத்துணையாளர் கதைத்துத்தான் வேலை செய்வார். சிலருக்கு இரண்டும் தேவைப்படும். பெரியாஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், அதுவும் இலவசம். தனியாரென்றால் எங்கே என்ன படித்தார், ஒரு தடவைக்கு எவ்வளவு, வராமல் விட்டால் காசு கட்டவேண்டுமா என்று போனிலேயே கேளுங்கள். கூச்சமே வேண்டாம். ஒரு லீட்டர் பெயின்ட் வாங்க என்னிடம் இதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தவணைக்குக் காத்திருக்காதீர்கள். இலங்கையின் மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். இல்லாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் சிக்கல், ஊர் சின்னது. கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் மச்சாளின் பெரியம்மா. "ஆருக்கு வருத்தம்?" பிரஷர் என்று சொல்லித் தப்பினேன். அதற்கும் பயமென்றால் வீடியோவில் கதைக்கலாம், ஆனால் கதவு மூடுகிற அறை வேண்டும். வீட்டில் ஆட்கள் நின்ற ஒரு நாள் கோட்டைப் பக்கம் வானை நிறுத்தி உள்ளேயிருந்து கதைத்தேன். மான் ஒன்று கண்ணாடியை மோந்துகொண்டு நின்றது. அது யாருக்கும் சொல்லாது. உளவளத்துணையாளரிடம், "நான் சொல்வது வெளியே போகுமா?" என்று முதல் நாளே கேளுங்கள். பொதுவாக, உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்தென்றால் தவிர வெளியே போகக்கூடாது. அவர் உங்களுக்குச் சொந்தம், தெரிந்தவர் என்றால் வேறு ஆளைக் கேட்பதில் பிழையில்லை.

நான் முதலில் போன இடம் சரிவரவில்லை. அங்கிருந்தவர், "சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களே எழும்பி நடக்கிறார்கள், உங்களுக்கென்ன?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். இந்த ஊரில் யாருடைய துக்கத்தோடும் ஒப்பிட்டால் நம்முடையது சின்னதாகத்தான் தெரியும். அந்தத் தராசை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போங்கள். மூன்று நான்கு தடவை போயும் மனம் ஒட்டவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள். துணியைத் தைக்கக் கொடுக்கவே நாம் தையல்காரரை மாற்றுகிறோம்.

இரண்டாவதாகப் பார்த்த மிஸ்ஸிடம் 1990 போர்க்கால இடம்பெயர்விலிருந்து முழுக் கதையும் சொல்லத் தயாராகப் போனேன். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இந்தக் கிழமை எத்தனை நாள் நித்திரை கொள்ளேல்ல?" என்றார். முதல் நாளில் இப்படித்தான் நித்திரை, சாப்பாடு, குடி, வீடு என்று அவர்கள்தான் கேட்பார்கள். முக்கால் மணித்தியாலம் போவது தெரியாது. அதனால் பெரிய கதை வேண்டாம், அந்தக் கிழமையின் ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுபோங்கள். அடுத்த தடவை நான் ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனேன்: "அப்பாவின் கடைத் திறப்பைத் தொட்டால் கை நடுங்குது." அப்பா போய் ஒரு வருடம் அப்போது. அந்த ஒரு வரியிலேயே ஐந்து கிழமை போனது. அழுகை வந்தால் வரட்டும், அவர்களிடம் டிஷ்யூ இருக்கும்.

முடிந்த கையோடு வேலைக்கு ஓடாதீர்கள். நான் ஓடிப்போய், வெள்ளை கேட்டவருக்குக் கிறீம் கலந்து கொடுத்தேன். அரை மணித்தியாலம் கடற்கரையில் இருந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். வியாழன் மூன்று மணிக்கு எங்கே போகிறேன் என்று நான் மனைவிக்குச் சொல்லவே ஒரு மாதம் ஆனது.

"தெரியும்," என்றாள். "சட்டை தோய்க்கேக்க பில்லைப் பார்த்தனான்."