முட்டை ஓடும் சங்கும்: எக்ஸ்ஆர்டி வேலைக்குத் தயாராவது எப்படி?

"சார், எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டில் எக்ஸ்ஆர்டி எடுத்திருக்கேன். அதை வெச்சு வேலை கிடைக்குமா?"

மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு: பொடியின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது எந்தக் கோணங்களில் பலமாகத் திரும்புகிறது என்பதை வைத்து உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் கண்டுபிடிக்கும் முறை. எடுத்தேன் என்றால் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். சாம்பிளைச் சின்னக் குப்பியில் போட்டு, பணம் கட்டி, வேறொரு கல்லூரிக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. அதை ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் போட்டுப் படமாக்கி, இருப்பதிலேயே உயரமான பீக்குக்கு (படத்தில் எழும்பும் முகடு) அதன் அகலத்திலிருந்து அளவைச் சொல்லும் ஷெரர் சூத்திரம் போட்டு, "துகள் அளவு 28 நானோமீட்டர்" என்று எழுதி முடித்தார்கள். கருவியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் கேலி செய்யவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து வேலை கிடைக்காது. ஸ்கேன் ஓட்டுவதை இன்று கருவியே பார்த்துக்கொள்கிறது. வந்த படத்தை எங்கே நம்பலாம், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன. அதைப் பழகும் வழி இது. இயற்பியல், வேதியியல், உலோகவியல், புவியியல் எதிலிருந்து வந்தாலும் சரி.

படி 1: ஒரு கணக்கைக் கையால் போடுங்கள்

படிகத்தின் வழியே எக்ஸ் கதிர் போனால் விளிம்பு விளைவு நடக்கும் என்பது 1912இல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவேயின் யோசனைப்படி செய்த சோதனையில் தெரியவந்தது. அதை ஒற்றை வரிச் சூத்திரமாக்கி, படிக அமைப்புகளைக் கண்டுபிடிக்கும் வழியாக மாற்றியவர்கள் பிராக் குடும்பத்து அப்பாவும் மகனும். 1915இல் இருவரும் சேர்ந்து நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25. சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: அலைநீளம் = 2 × அணுத் தளங்களின் இடைவெளி × சைன் தீட்டா (தீட்டா என்பது கதிர் தளத்தில் படும் கோணம்).

சமையல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் தரும் தாமிரக் குழாயின் கே-ஆல்ஃபா 1 என்ற கதிருக்கு அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்). உப்பின் பெரிய பீக் 31.7 பாகையில் வரும். கருவி காட்டுவது 2-தீட்டா, எனவே பாதியாக்கி 15.85 என்று எடுக்க வேண்டும் (முதல் தடவை இதை மறக்காதவர் குறைவு). அதன் சைன் 0.2731. இரு மடங்கு 0.5462. 1.5406ஐ அதனால் வகுத்தால் 2.82. இது (200) தளம், அதாவது அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறிய பெட்டி) பக்கத்தைப் பாதியாகப் பிரிக்கும் தளம் என்பதால் அதன் பக்கம் இந்த இடைவெளியைப்போல இரண்டு பங்கு: 5.64 ஆங்ஸ்ட்ராம். சரி, அடுத்த பெரிய பீக் 45.45 பாகையில் இருக்கிறது. அது (220). அதற்கும் இதே கணக்கைப் போட்டு, விடையை 8இன் (2² + 2² + 0²) வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். மறுபடியும் 5.64 வரும். வேறு வேறு இடத்தில் நிற்கும் இரண்டு பீக்குகள் ஒரே பெட்டியைச் சொல்கின்றன என்பது கையால் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

இப்போது பொட்டாசியம் குளோரைடு. உப்பின் அதே அமைப்புதான், பெட்டி மட்டும் கொஞ்சம் பெரிது. உப்பில் 27.4 பாகையில் சின்னதாக ஒரு (111) பீக் தெரியும். பொட்டாசியம் குளோரைடில் அந்த (111) கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும். காரணம், எக்ஸ் கதிர் பார்ப்பது எலக்ட்ரான்களை. பொட்டாசியம் அயனியிலும் 18, குளோரைடு அயனியிலும் 18. மாறி மாறி வரும் இரண்டு தளங்களும் கதிருக்கு ஒரே மாதிரி தெரிவதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பீக் எங்கே நிற்கிறது என்பது பெட்டியின் அளவையும், எவ்வளவு உயரம் என்பது பெட்டிக்குள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லும். இதை உங்கள் வார்த்தையில் சொல்ல வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: வீட்டுச் சாம்பிள்கள்

நானோ எதுவும் வேண்டாம். முட்டை ஓடு, உடைந்த சங்குத் துண்டு, தூத்துக்குடிக் கல் உப்பு, ஆற்று மணல், கோலமாவு. ஐந்து போதும்.

முட்டை ஓட்டின் உள்சவ்வை உரித்து, கழுவி, காயவைத்து, அகேட் கல்வத்தில் அரையுங்கள். விரல்நுனியில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது, பவுடர் பூசியதுபோல் இருக்க வேண்டும். சங்கையும் அதேபோல். இரண்டும் கால்சியம் கார்பனேட். அமிலம் விட்டால் இரண்டும் ஒரேபோல் நுரைக்கும், எந்தத் தனிமம் என்று பார்க்கும் கருவியிலும் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். எக்ஸ்ஆர்டியில் போடுங்கள். முட்டை ஓட்டில் 29.4 பாகையில் ஒற்றைப் பெரிய பீக் எழும்பி நிற்கும், அது கால்சைட். சங்கில் 26.2, 27.2 என்று ஒரு ஜோடி, அப்புறம் 33.1, 45.9, அது அரகோனைட். அதே சங்குப் பொடியை 500 டிகிரியில் சூடாக்கி மறுபடி ஸ்கேன் செய்தால் கால்சைட் ஆகியிருக்கும். ஒரு அணுகூடக் கூடவோ குறையவோ இல்லை, அடுக்கிய விதம்தான் மாறியது.

இந்த வித்தியாசத்துக்காகத்தான் மருந்து நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கருவி வாங்குகின்றன. ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996இல் சந்தைக்கு வந்தது. 1998இல் அதே மூலக்கூறு, அதுவரை யாரும் பார்த்திராத வேறொரு படிக வடிவத்தில் வரத் தொடங்கியது. அது எளிதில் கரையவில்லை. காப்ஸ்யூலைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. முட்டை ஓடும் சங்கும் கதைதான், மாத்திரைக்குள் நடந்தது.

கருவிக்கு எங்கே போவது? உங்கள் கல்லூரியில் இருந்தால் முதல் வேலையாக ஆபரேட்டர் அண்ணனோடு டீ குடியுங்கள். சாம்பிள் போடும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சாயிஃப் (பகுப்பாய்வுக் கருவி மையம்) போன்ற பொது வசதிகளில் கட்டணம் கட்டி எடுக்கலாம். எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேட மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளம் உதவும்.

வீட்டில் "கதிர்வீச்சு வேலையா, வேண்டாம்பா" என்பார்கள். நியாயமான பயம். கருவி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, கதவு திறந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் உண்டு. இன்டர்லாக்கை (கதவு திறந்தால் கதிரைத் தடுக்கும் அந்த ஏற்பாட்டை) ஏமாற்றிக் கதவைத் திறந்து வேலை செய்யச் சொல்லும் இடத்தில் மட்டும் சேராதீர்கள்.

படி 3: எப்படியெல்லாம் ஏமாறலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

என் முதல் வருடத்தில் ஒரு ஆக்சைடு தயாரித்துக்கொண்டிருந்தேன். 38.5 பாகையிலும் 44.7 பாகையிலும் யாரும் சொல்லாத இரண்டு பீக்குகள் வந்தன. எந்த அட்டையோடும் (தெரிந்த பொருட்களின் பீக் பட்டியல்) பொருந்தவில்லை. புது ஃபேஸ் (படிக வகை) கண்டுபிடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் தரையில் கால் படவில்லை. சாம்பிளை இன்னும் குறைவாக வைத்து எடுத்த நாளில் அந்த இரண்டும் இன்னும் உயரமாக வந்தன. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. சாம்பிளைத் தாங்கும் ஹோல்டரை மட்டும் வெறுமனே ஸ்கேன் செய்தேன். அங்கே அதே இரண்டு பீக்குகள், அழகாக. அலுமினியம். பொடி போதாமல் கதிர் அடித்தட்டைத் தொட்டிருக்கிறது.

அன்றிலிருந்து எந்தப் புது ஆய்வகத்துக்குப் போனாலும் முதலில் காலி ஹோல்டரை ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் செய்யுங்கள். கண்ணாடி ஹோல்டர் என்றால் பீக் வராது, 20 முதல் 30 பாகைக்குள் ஒரு மேடு வரும். அதைப் பார்த்து "என் சாம்பிளில் படிகமாகாத பகுதி இருக்கிறது" என்று எழுதிய கட்டுரைகள் எத்தனையோ.

இன்னொன்று உயரம். பொடி ஹோல்டரின் விளிம்பைவிட 0.1 மில்லிமீட்டர் மேடாக இருந்தாலே பீக்குகள் ஏறக்குறைய 0.05 பாகை வலப்பக்கம் நகரும். அதை வைத்து "டோப்பிங் (வேற்று அணுக்களைக் கொஞ்சம் கலப்பது) செய்ததால் கூடு சுருங்கியது" என்று எழுதிவிட முடியும், எழுதியும் இருக்கிறார்கள். சாம்பிளோடு கொஞ்சம் சிலிக்கான் பொடி கலந்து எடுங்கள். அதன் (111) பீக் 28.44 பாகையில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் நகர்ந்தது உங்கள் பொருள் இல்லை.

மூன்றாவது, அந்த 28 நானோமீட்டர். 31.7 பாகையில் ஒரு பீக்கின் அகலம் 0.2 பாகை என்று வையுங்கள். ஷெரர் சூத்திரம் 41 நானோமீட்டர் என்று சொல்லும். ஆனால் கருவிக்கென்றே ஒரு அகலம் உண்டு. அது 0.12 என்றால், நேராகக் கழித்தால் 103 நானோமீட்டர், வர்க்கங்களாகக் கழித்தால் 52. ஒரே பீக், மூன்று விடைகள்! நுண்தகைவு (படிகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன இழுப்புகள்) வேறு பீக்கை அகலப்படுத்தும், அதை இன்னும் தொடவே இல்லை. ஷெரர் 1918இல் கொடுத்த சூத்திரத்தில் குற்றமில்லை. அதை மூன்று தசம இடம் வரை எழுதுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

படி 4: மென்பொருள்

காசு கொடுக்கத் தேவையில்லை. கிரிஸ்டலோகிராஃபி ஓபன் டேட்டாபேஸில் அமைப்புக் கோப்புகள் இலவசம். அவற்றை வெஸ்டா என்ற நிரலில் திறந்தால் படிகத்தைச் சுழற்றிப் பார்க்கலாம், பேட்டர்னும் (பீக்குகள் நிற்கும் படம்) வரையலாம். ப்ரொஃபெக்ஸ், ஃபுல்ப்ராஃப், ஜிசாஸ்-2 மூன்றும் ரீட்வெல்டு முறையில் முழுப் பேட்டர்னையும் பொருத்திப் பார்க்கத் தரும் இலவச நிரல்கள். தொடக்கத்துக்கு ப்ரொஃபெக்ஸ் சுலபம். உங்கள் கோலமாவில் கால்சைட் எத்தனை சதவீதம், குவார்ட்ஸ் எத்தனை என்று கண்டுபிடிப்பது முதல் பயிற்சியாக இருக்கட்டும். பொருத்தம் நன்றாக வந்ததா என்பதற்குக் கீழே ஓடும் வித்தியாசக் கோட்டை (அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாடு) பாருங்கள். பொருத்தத்துக்கு நிரல் தரும் எண் நன்றாக இருந்து கோடு துள்ளினால் கோட்டை நம்புங்கள்.

படி 5: தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

"எக்ஸ்ஆர்டி வேலை" என்று தேடினால் விளம்பரம் அதிகம் கிடைக்காது. வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது.

நம் ஊரில் பலருக்கும் தோன்றாதது சிமெண்ட். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் ஆலைகளும் எக்கச்சக்கம். சூளையிலிருந்து வரும் கிளிங்கரில் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) ஆலைட், பீலைட் என்ற இரண்டு கால்சியம் சிலிகேட்டுகளில் எது எவ்வளவு என்பதுதான் சிமெண்டின் குணம்: முதல் நாட்களின் வலிமை ஆலைட்டால், பின்னால் ஏறுவது பீலைட்டால். 1929இல் போக் கொடுத்த கணக்கு, ஆக்சைடு அளவுகளிலிருந்து இதை ஊகிக்கிறது. சூளைக்குள் நிஜமாக என்ன உருவானது என்பதை எக்ஸ்ஆர்டி நேராகக் காட்டும். ஷிஃப்ட் வேலை, சாம்பிள் வந்துகொண்டே இருக்கும், புழுதி. ஆனால் நீங்கள் சொல்லும் எண்ணைக் கேட்டு ஒரு சூளையின் ஓட்டத்தை மாற்றுவார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

மருந்துத் துறைக்கு ஹைதராபாத்தும் பெங்களூருவும். விளம்பரத்தில் "சாலிட் ஸ்டேட்", "ப்ரீஃபார்முலேஷன்", "அனலிட்டிக்கல் டெவலப்மென்ட்" என்ற சொற்களைத் தேடுங்கள். இங்கே பேட்டர்ன் எடுப்பதைவிட, எடுத்ததைத் திருத்த முடியாதபடி பதிவு செய்வதில்தான் பாதி உயிர் போகும்.

எஃகும் வாகன உதிரிப்பாகமும் என்றால் மீதமுள்ள ஆஸ்டினைட் (கடினப்படுத்திய பிறகும் மாறாமல் தங்கும் இரும்பின் ஒரு படிக வகை), எஞ்சிய தகைவு (பாகத்துக்குள்ளேயே தங்கிவிட்ட இழுப்பு) இரண்டும் தெரிய வேண்டும். எஃகுக்குத் தாமிரக் குழாய் சரிவராது. தாமிரக் கதிர் இரும்பை ஒளிரவைத்துப் பின்புலத்தை ஏற்றிவிடும். தகைவு அளக்கக் குரோமியம், ஃபேஸ் பார்க்கக் கோபால்ட் என்று வைத்துக்கொள்வார்கள்.

கருவி விற்கும் நிறுவனங்களை மறக்காதீர்கள். ப்ரூக்கர், ரிகாகு, மால்வர்ன் பனாலிட்டிக்கல் போன்றவற்றுக்கு சர்வீஸ் இன்ஜினீயரும் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்டும் வேண்டும். ஊர் சுற்ற வேண்டிவரும். இரண்டு வருடத்தில் நீங்கள் பார்க்கும் சாம்பிள்களை ஒரே ஆய்வகத்தில் இருப்பவர் பத்து வருடத்திலும் பார்க்க மாட்டார்.

படி 6: ஆராய்ச்சிப் பக்கம் போவதென்றால்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது கேட் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மின்கலப் பொருட்கள், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலை உலோகங்கள். ஆய்வகக் கருவி போதாதபோது இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் (மிகப் பலமான எக்ஸ் கதிர் தரும் பெரிய இயந்திரம்) இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக் கொலாஜனின் மூவிழை அமைப்பை முன்வைத்தது 1954இல். அந்த மரபில் புரதப் படிகவியல் இங்கே இன்னும் நடக்கிறது, உயிரியல் பிடிக்குமென்றால் அதுவும் ஒரு வழி.

எக்ஸ்ஆர்டியோடு இன்னொன்றையும் கையில் வையுங்கள். சிமெண்டுக்கு எக்ஸ்ஆர்எஃப் (எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்ப்பது), மருந்துக்கு டிஎஸ்சி (சூடாக்கும்போது உருகுவதையும் மாறுவதையும் பார்ப்பது), உலோகத்துக்கு எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி).

படி 7: விண்ணப்பமும் பேட்டியும்

ரெஸ்யூமில் "எக்ஸ்ஆர்டி தெரியும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் பத்துப் பக்கத்தில் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். உங்கள் ஐந்து சாம்பிள்கள், ஒவ்வொன்றுக்கும் எப்படி அரைத்தீர்கள், எந்த ஹோல்டர், எத்தனை கிலோவோல்ட், என்ன வேகம், எந்தப் பீக் எதற்குச் சொந்தம். கெட்டுப்போன ஒரு ஸ்கேனையும், அது ஏன் கெட்டது என்பதையும் கட்டாயம் சேருங்கள். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆள் எடுக்கும்போது நான் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. பெயர் எழுதாத ஒரு பேட்டர்னை மேசையில் வைத்து "என்ன தெரியுது?" என்பேன். போன தடவை வந்த பெண் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சார், இதை எந்த ஹோல்டர்ல எடுத்தீங்க?" என்று திருப்பிக் கேட்டார். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டோம்.