முஸ்லிம் பெண்களைப் பற்றி ஆய்வா? இந்தத் தவறுகளை முதலில் விடுங்கள்

'முஸ்லிம் சமூகத்தில் பெண்களும் மதமும்' என்று ஆய்வுத் தலைப்பு எடுப்பவர்கள் பலர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். முக்காடு என்றால் அடக்குமுறை, பலதார மணம் என்றால் கண்ணீர், எல்லாவற்றுக்கும் காரணம் மதம். அப்புறம் நாலு பேட்டி எடுத்துச் செருக வேண்டியதுதான் பாக்கி. இதிலிருந்து தப்பிக்க, லீலா அபூ லுகோத் என்ற மானிடவியலாளர் எங்கெங்கே தடுமாறினார், எப்படித் தன்னைத் திருத்திக்கொண்டார் என்று பார்ப்பது நல்ல வழி. 1952இல் பிறந்தவர். அப்பா பாலஸ்தீனர், அம்மா அமெரிக்கர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1970களின் கடைசியில், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி என்ற பெதூயின் (அரபு நாடோடி மரபு) மக்களோடு தங்கி ஆய்வு செய்யக் கிளம்பினார். அப்பா, "நானும் வருகிறேன்" என்று பிடிவாதம் பிடித்தார். மகளுக்குக் கூச்சம். களப்பணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற ஆய்வாளர் எங்கேயாவது உண்டா? அப்பா போய் அந்த மனிதர்களோடு பேசினதன் அர்த்தம் அவருக்குப் பின்னால்தான் புரிந்தது. கல்யாணமாகாத பெண் தன்னந்தனியாக வந்து நின்றால், சொந்தபந்தம் இல்லாதவளா, ஏதாவது செய்துவிட்டு வந்தவளா என்றுதான் அங்கே சந்தேகப்படுவார்கள். அப்பா கூட வந்ததால் அவர் 'நல்ல குடும்பத்துப் பெண்' ஆனார். தங்கின வீட்டுக்காரர் மகள் மாதிரி அவரைப் பொறுப்பேற்றுக்கொண்டார். கட்டுப்பாடுகள் கூடவே வந்தன, ஆனால் பெண்கள் பக்கத்துக் கதவும் திறந்தது. தனியாகப் போவதுதான் தைரியம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்த தவறு, கேள்விப்பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது. அவர் கவிதையைத் தேடிப் போகவில்லை. ஆனால் பெண்கள் பேச்சுக்கு நடுவே 'கின்னாவா' என்ற குட்டிப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். கணவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான் என்றால், "எனக்கென்ன, போகட்டும்" என்று வாயால் சொல்கிற அதே பெண், பாட்டில் உடைந்துபோவாள். மானமுள்ளவர் பலவீனத்தைக் காட்டக்கூடாது என்பது அங்கே விதி, பாட்டுக்கு மட்டும் விலக்கு. ஒப்பாரியில் மாமியாரையும் கணவனையும் வைத்துப் பாடித் தீர்க்கிற பெண்களைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டியை மட்டும் பதிவு செய்திருந்தால் "கவலைப்படவில்லை" என்றுதான் ஆய்வேட்டில் ஏறியிருக்கும். 1986இல் வந்த அவரது முதல் நூல் இந்தப் பாட்டுகளின் மேல்தான் நிற்கிறது. இன்னொன்று: பெண்கள் பாட்டை ஆண்களிடம் போய்ச் சொல்லாதே என்று அவரை எச்சரித்திருந்தார்கள். அந்தரங்கம் காப்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஆய்வாளர்கள் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் அல்ல, அந்தப் பெண்கள்தான்.

இனி முக்காடு. அவ்லாத் அலிப் பெண்கள் எல்லா ஆண்களுக்கும் முகத்தை மறைப்பதில்லை. மாமனார் வந்தால் மறைப்பார்கள், குடும்பத்து மூத்தவர் வந்தால் மறைப்பார்கள். வயதில் இளையவர் முன்னாலும், தங்களைவிடத் தாழ்ந்தவர் என்று நினைக்கிற வெளியார் முன்னாலும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லை என்று அந்தத் துணி கணக்குச் சொல்கிறது. மாமனார் வாசலில் செருமினால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்ட நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டிருக்கும். ஒருமுறை பெரியவர் ஒருவர் முன்னால் முக்காடு இல்லாமல் நிற்க நேர்ந்தபோது, அமெரிக்காவில் வளர்ந்த லீலாவுக்கே உடம்பில் துணி இல்லாத மாதிரி இருந்ததாம்.

இதே துணியை 2001இல் உலகம் எப்படிப் படித்தது என்று பாருங்கள். ஆப்கானிஸ்தான் மீது அமெரிக்கா போர் தொடுத்தபோது, இது பெண்களின் உரிமைக்கான போராட்டமும்கூட என்று அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசினார். முஸ்லிம் பெண்களை உண்மையிலேயே யாராவது காப்பாற்ற வேண்டுமா என்று லீலா 2002இல் ஒரு கட்டுரையில் திருப்பிக் கேட்டார். புர்காவைத் தாலிபான் கண்டுபிடிக்கவில்லை, அது அங்குள்ள பஷ்தூன் இனப் பெண்களின் பழைய உடை என்று நினைவூட்டினார். பாகிஸ்தானில் ஆய்வு செய்த ஹன்னா பாபனெக் அதைக் கூடவே எடுத்துப் போகும் ஒதுக்கிடம் என்று விவரித்திருந்ததையும் எடுத்துக்காட்டினார். வீட்டுக்குள் இருக்கிற மரியாதையோடு வெளியே நடமாடலாம் என்பது பொருள். தாலிபான் செய்ததையெல்லாம் அவர் நியாயப்படுத்தவில்லை. போரும் வறுமையும் செய்ததைத் துணியின் தலையில் கட்டாதீர்கள் என்றார்.

சரி, அடக்குமுறையைத் தேடக்கூடாது என்று புரிந்தவர்கள் செய்கிற தவறு வேறு: எங்கே பார்த்தாலும் எதிர்ப்பைத் தேடுவது. இதில் லீலாவும் விழுந்தார், 1990இல் தானே எழுதி ஒப்புக்கொண்டார். பெதூயின் இளம்பெண்கள் பெரியவர்கள் முகம் சுளித்தாலும் நைலான் உள்ளாடையும் முகக் கிரீமும் வேண்டும் என்றார்கள். கலகம் என்று கைதட்டலாம். ஆனால் பாட்டியின் பிடியிலிருந்து நழுவி அவர்கள் போய்ச் சேர்ந்தது கடைச் சரக்கின் பிடியில், கணவனை நம்பியே வாழ்கிற வாழ்க்கையில்.

பாகிஸ்தானில் பிறந்த மானிடவியலாளர் சபா மஹ்மூத் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். 1995 முதல் 1997 வரை கெய்ரோவில், பள்ளிவாசல்களில் பெண்களே பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடத்துவதைக் கூட உட்கார்ந்து பார்த்தார். சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு எழ முடியவில்லை என்று ஒரு பெண் வருத்தப்படுகிறாள். கூட இருப்பவள் கடிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பகலில் எதற்கெல்லாம் கோபப்படுகிறாய் என்று விசாரிக்கிறாள். தன்னைத்தானே செதுக்கிக்கொள்கிற இந்த உழைப்பை 'எதிர்ப்பு' என்ற பெட்டியிலும் போட முடியாது, 'அடிமைத்தனம்' என்ற பெட்டியிலும் போட முடியாது.

'இஸ்லாம்' என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்ப்பவர்கள் இலங்கை அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பார்க்கலாம். டென்னிஸ் மெக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அங்கே பல காலம் ஆய்வு செய்தார். தாய்வழிக் குடி, கல்யாணத்தில் மகளுக்கு வீடு, அந்த வீட்டுக்கு வந்து குடியேறும் மாப்பிள்ளை என்பது அங்கே முஸ்லிம்களுக்கும் பக்கத்துத் தமிழ் இந்துக்களுக்கும் பொதுவான வழக்கம். எகிப்துப் பாலைவனத்திலோ எல்லாம் தந்தைவழி.

லீலா 1993இல் வெளியிட்ட நூலில் அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் பாடப்புத்தகத்தில் வருகிறவைதான்: தந்தைவழி, பலதார மணம், மானமும் வெட்கமும். உள்ளே போனால் ஒரு கிழவியும் அவள் மருமகள்களும் பேத்திகளும் சொல்கிற கதைகள். ஒவ்வொரு கதையும் தன் தலைப்புக்கு அடங்காமல் திமிறுகிறது. அந்தப் புத்தகத்துக்கு அவர் முடிவுரை எழுதவில்லை.