ஈத்தைக் காட்டுச் சின்ன அணிலைப் பார்ப்பது எப்படி?

குமரி மலைக்காட்டுக்கு அணில் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கழுத்து வலியோடுதான் திரும்புகிறார்கள். மலையணிலுக்கு அண்ணாந்து பார்க்கலாம், அது பெருமரத்து உச்சியை விட்டு லேசில் இறங்காது. சின்ன அணில் என்கிற நீலகிரி வரியணிலைத் தேட வேண்டிய இடம் வேறு. ஈத்தையும் (நாணல் போன்ற காட்டு மூங்கில்) செடியும் பின்னிக் கிடக்கிற இருட்டுக்குள், முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அது ஓடும். உடல் சுமார் 12 செ.மீ., எடை 40 கிராம் அளவுதான். வீட்டுத் தென்னையில் ஓடுவதோ 100 கிராமை ஒட்டி வரும்.

முதுகுக் கோடுகளை எண்ணி அடையாளம் காண முயலாதீர்கள். ராமர் தடவியதாகச் சொல்லும் அந்த மூன்று கோடு இங்குள்ள மூன்று வரியணில்களுக்கும் உண்டு. கோடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஊர் அணிலுக்கு வெளிர் சாம்பல் உடம்பில் பளிச்சென்று தெரியும். ரப்பர் தோட்டத்திலும் காட்டோர வீட்டுக் கூரையிலும் ஓடும் காட்டு வரியணில் கருத்தது, தலையிலும் பின்புறத்திலும் செம்மை படிந்திருக்கும். இதைத்தான் பலர் சின்ன அணில் என்று எழுதிவிடுகிறார்கள். சின்ன அணிலுக்குப் பாசி படிந்த மாதிரி மங்கிய பழுப்பு நிறம். கோடுகள் மெல்லியவை, நடுமுதுகிலேயே நின்றுவிடும். நிழலில் கோடே இல்லாததுபோலத் தோன்றும்.

கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு பக்கத்து ஈரக்காடுகளில் நீரோடையை ஒட்டிய ஈத்தைப் புதர்கள் தேட ஏற்றவை. காடு 2008 முதல் வனவிலங்கு சரணாலயம், ஆகவே வனத்துறை அனுமதி வாங்கி அவர்கள் ஆளோடு மட்டும் போங்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை அட்டைத் தொல்லை குறைவு.

காலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில், புதரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, முதுகுக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கும்படி உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. அங்கேதான் எல்லோரும் எழுந்து நடந்துவிடுகிறார்கள், நடந்தால் காரியம் கெட்டது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அரணை சரசரவென்று ஓடிச் சட்டென நிற்கும். தரையில் மேயும் பறவை சருகைப் புரட்டும், சத்தம் ஒரே இடத்தில் கேட்கும். அணில் என்றால் சின்னச் சின்னத் துள்ளல், இடையில் ஈத்தைத் தண்டு ஒன்று மட்டும் காற்றில்லாமல் ஆடும். அந்தத் தண்டின் அடியைப் பாருங்கள்.

தொலைநோக்கி 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், புதருக்குள் காட்சிப் பரப்பும் சுருங்கும். கேமராவில் ஒற்றைப் புள்ளிக் குவியம் வையுங்கள். இல்லாவிட்டால் முன்னால் நிற்கிற இலைதான் துல்லியமாக விழும். ஃபிளாஷ் வேண்டாம். பிஸ்கட், கடலை போட்டுக் கூப்பிடும் வேலையும் வேண்டாம், வருவது குரங்குதான்.

இரண்டு நொடிதான் கிடைக்கும். உடனே நிறம், கோட்டின் நீளம், தரையிலிருந்து உயரம் மூன்றையும் குறித்துவிடுங்கள். கோடு எங்கே முடிந்தது என்று பார்க்க முடியாமல் போனால், ‘வரியணில், இனம் உறுதியில்லை’ என்றே எழுதுங்கள்.